ஊருக்கு வெளியே ஒரு மண்மேடு: பழைய ஊரா, வெறும் மண்ணா? தோண்டாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். வைகைப் பாசனத்தில் ஒரு கிராமம். கண்மாய்க்குக் கிழக்கே ஐந்தாறு ஏக்கர் புஞ்சை, சுற்றியுள்ள வயலைவிட ஓர் ஆள் உயரம் மேடாக இருக்கிறது. உழுதால் கருப்பும் சிவப்புமாக ஓட்டாஞ்சில்லு வருகிறது. ஓர் ஓரத்தில் பொக்லைன் வைத்து மண் எடுத்திருக்கிறார்கள். இது கீழடி மாதிரிப் பழைய ஊரா, கண்மாய் தூர்வாரிக் கொட்டிய மண்ணா? ராடார், காந்தமானி மாதிரிக் கருவிகள் உதவுமா? ஊர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குழி போட்டுப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். அகழாய்வுக்கு மத்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையுமே விண்ணப்பித்து அனுமதி வாங்கித்தான் குழி போடுகின்றன. தற்செயலாக ஏதாவது கிடைத்தாலும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. கீழடிக்கு கி.மு. 580 என்று ஒரு காலம் சொல்கிறார்களே, அது வந்தது ஒரு கரித்துண்டிலிருந்து. மாநிலத் தொல்லியல் துறை அமெரிக்காவின் மியாமியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிய ஆறு மாதிரிகளில் ஒன்று அது. எடுத்த ஆழம் 353 செ.மீ. கரி எந்தத் தோட்டத்திலும் கிடைக்கும். எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று எழுதி வைத்திருந்ததால்தான் அந்தத் துண்டுக்கு மதிப்பு வந்தது. பையன்கள் மண்வெட்டியால் வெட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் கரி கரியாகத்தான் இருக்கும். அது இருந்த இடம் போய்விடும், அதைத் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது.

சரி, தோண்டாமல் என்ன செய்ய முடியும்? நிறையவே முடியும். கீழடியே அப்படித்தான் கண்ணில் பட்டது. எழுபதுகளிலேயே அந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், கிணறு வெட்டும்போது கிடைத்த பொருள்களைப் பார்த்துவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அப்புறம் பல வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. 2013-14இல் மத்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு, அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் வைகையின் இரு கரையிலும் தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஊர் ஊராகப் போய் 293 இடங்களைப் பதிவு செய்தது. மேடு எங்கே, ஓடு எங்கே, முதுமக்கள் தாழி எங்கே என்று பார்த்த மேற்பரப்பு ஆய்வு. அந்த 293இல் ஒன்றுதான் கீழடியின் பள்ளிச்சந்தை திடல். சுமார் 110 ஏக்கர். தென்னந்தோப்பாக இருந்ததால் அதன் மேல் கட்டடம் எதுவும் வரவில்லை. அகழாய்வு 2015இல்தான் தொடங்கியது. அந்தப் பட்டியலில் மண்வெட்டி பட்ட இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற இடங்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் நடந்து பார்த்தவர்கள் எழுதி வைத்ததுதான்.

எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அமராவதியைச் சொல்லலாம். ஆந்திராவில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் ஒரு பெரிய மண்மேடு இருந்தது, உள்ளே பழைய பௌத்த ஸ்தூபி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பகுதி ஜமீன்தார் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு புது ஊர் கட்ட, அவருடைய ஆட்கள் செங்கல்லுக்கும் கல்லுக்குமாக அதை வெட்டினார்கள். 1797இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி வந்து பார்த்தார். 1816இல் அளவையாளர்களோடும் படம் வரைபவர்களோடும் திரும்பி வந்தபோது மேட்டின் நடுப்பகுதி குளமாகிவிட்டிருந்தது. மிச்சத்தை அளந்து, வரைபடம் போட்டு, ஒவ்வொரு சிற்பமாக வரைய வைத்தார். பிறகு தோண்டியவர்கள் பலர், அள்ளிக்கொண்டு போனவர்களும் பலர். எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இன்று நிற்கும் அந்தச் சுண்ணாம்புக்கல் பலகைகளில் எது ஸ்தூபியின் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசிப்பவர்கள் இப்போதும் மெக்கன்சியின் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். அவர் படம் வரைய வைத்த சில கற்கள் இன்று எங்குமே இல்லை.

உங்கள் மேட்டுக்கு வருவோம். மேடாக இருப்பதெல்லாம் பழைய ஊர் இல்லை. ஊர் மேடு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மற்றவற்றைக் கழித்துவிடலாம். மண்சுவர் வீடு இடிந்தால் அந்த மண்ணை யாரும் சுமந்துகொண்டு போய்க் கொட்டுவதில்லை. நிரவிவிட்டு அதன் மேலேயே அடுத்த வீடு கட்டுவார்கள். அடுப்புச் சாம்பல், மாட்டுத்தொழுவக் குப்பை, உடைந்த பானை, மீன்முள், எலும்பு எல்லாம் வாசலுக்குப் பக்கத்திலேயே சேரும். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் தரை தானாக உயரும். அதனால் ஊர் மேட்டு மண் பெரும்பாலும் சாம்பல் நிறமாக, பொலபொலவென்று இருக்கும். நடக்கும்போதே கால் கொஞ்சம் அமுங்கும். இதே காரணத்தால்தான் பல மேடுகள் காணாமல் போயின. சாம்பலும் குப்பையும் ஊறிய அந்த மண் நல்ல உரம் என்று வண்டி வண்டியாக வயலுக்கு அடித்துவிட்டார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ‘அந்த மேட்டு மண்ணை எந்த வயலுக்கு அடிச்சீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அது முக்கியமான தடயம். இன்னொரு விஷயமும் தெளிவாகும்: மேட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு வயலில் ஓடு கிடந்தால் அங்கேயும் ஊர் இருந்தது என்று அர்த்தமில்லை, மண் அங்கே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கண்மாய் தூர்வாரிய மண் வேறு மாதிரி. கரையை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும், வட்டமாக இருக்காது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண், அதில் நத்தைக்கூடு அதிகம். ஓடு இருந்தாலும் விளிம்பெல்லாம் தண்ணீரில் உருண்டு மழுங்கியிருக்கும். செங்கல் சூளை மேடு என்றால் ஒரே மாதிரியான வெந்த கல்லும் உருகிய கசடும்தான், பானையில் வகை இருக்காது. ‘கோட்டைமேடு’ என்று ஊரே சொன்ன ஓர் இடத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். சூளைச் சிதைவைத் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. வேகாத கல், கருகிய கல், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட கல். பெயரை நம்பிப் போவதில் தப்பில்லை, பெயரை நம்பி எழுதுவதுதான் தப்பு. ஆற்றோரப் படுகை மேடு மணலாக இருக்கும், வெட்டினால் சாம்பல் தெரியாது.

புதைமேடு தனி. ஊர் ஓரிடம், இடுகாடு ஓரிடம். கீழடிக்குக் கொந்தகை மாதிரி. தாழிக்காடு பெரும்பாலும் உழவுக்கு ஆகாத சரளை நிலத்தில் இருக்கும். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு அப்படிப்பட்ட இடம்தான், 114 ஏக்கர். மழை மண்ணை அரித்துக்கொண்டு போன பிறகு, தரையில் கோலம் போட்டாற்போல் வட்டமான தடித்த விளிம்புகள் தெரிந்தால் அவை தாழிகளின் வாய். அதில் காலால் உதைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம்.

களத்துக்குப் போகும் முன் காகித வேலை இருக்கிறது. இதைச் சலிப்பாக நினைத்து விட்டுவிடுகிறார்கள், ஆனால் பாதி விடை இங்கேதான் இருக்கிறது. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து புல வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுங்கள். உங்கள் பகுதி பழைய ஜமீன் கிராமமாக இருந்தால், 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலவரித்திட்டம் செய்தபோது எழுதிய நிலப் பதிவேடு, எஸ்.எல்.ஆர். என்பார்கள், இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். இப்போது பட்டா புஞ்சையாக இருப்பது அதில் நத்தம் புறம்போக்கு என்றோ, திடல் என்றோ, தோப்பு என்றோ இருக்கலாம். ஆள் யாரும் குடியிருக்காத நிலத்துக்கு நத்தம், அதாவது குடியிருப்பு நிலம், என்று பெயர் இருந்தால் உடனே பென்சிலை எடுங்கள்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் உங்கள் மேடு சமஉயரக் கோட்டில் தெரியாது. கோடுகளுக்கு இடையே பத்து, இருபது மீட்டர் வித்தியாசம் இருக்கும்போது இரண்டு மீட்டர் மேடு எப்படித் தெரியும்? ஆனால் சில இடங்களில் ‘3r’ என்கிற மாதிரி ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்பது அல்ல அது, சுற்றியுள்ள தரையைவிட எத்தனை மீட்டர் உயரம் என்பது. கண்மாய்க் கரைக்குத்தான் அதிகம் போடுவார்கள், எனவே கரை இல்லாத இடத்தில் அதைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். வட இந்தியாவில் பஞ்சாப், ஹரியானா பக்கம் வெள்ளைக்காரர்கள் காலத்து ஓர் அங்குல வரைபடங்களில் மேடுகளைத் தனியாகவே வரைந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் டிராக்டரால் சமப்படுத்தப்பட்ட மேடுகள் எங்கே இருந்தன என்று அந்த வரைபடங்களை வைத்து ஆயிரக்கணக்கில் குறித்திருக்கிறார்கள் ஆய்வாளர்கள்.

செயற்கைக்கோள் படத்தில் இன்றைய படத்தை மட்டும் பார்க்காதீர்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளுக்குப் போகும் வசதி இருக்கிறது. சீமைக்கருவேல் மூடுவதற்கு முன், வெயில்காலத்தில் எடுத்த படத்தைத் தேடுங்கள். 1960க்கும் 1972க்கும் இடையில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்களும் 1995இல் பொதுப்பார்வைக்கு வந்தன. அவற்றில் நல்லவற்றில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள் வரை தெரியும். மேற்காசியாவில் இந்தப் படங்களை வைத்தே பழைய மேடுகளையும் பாதைகளையும் கூட்டம் கூட்டமாகக் கண்டுபிடித்தார்கள். நம் பக்கம் மேகமில்லாத படம் மாட்டினால், டிராக்டரும் ஜேசிபியும் பெருகுவதற்கு முன் உங்கள் மேட்டின் உருவம் என்ன என்று பார்த்துவிடலாம்.

இனி நடை. காலம் முக்கியம். அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும் தை, மாசி நல்லது. அதைவிட நல்லது, உழுதபின் ஒரு மழை பெய்து காய்ந்த நாள். மழை ஓட்டைக் கழுவி வைத்திருக்கும். உச்சி வெயிலில் போகாதீர்கள். எதுவும் தெரியாது, தலைவலிதான் வரும். காலை, மாலைச் சாய்வெயிலில் தரையின் ஏற்ற இறக்கம் நிழலாகத் தெரியும்.

நிலத்துக்காரரிடம் முதலில் பேசுங்கள். இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கும்’ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கீழடியில் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு குழி போட்டு, வேலை முடிந்ததும் பல குழிகளை மூடிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். நூறு மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்ற விதி மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த இடங்களுக்குத்தான், ஓடு கிடைத்த எல்லாக் காட்டுக்கும் இல்லை. அதற்காக ‘எப்போதும் எதுவும் ஆகாது’ என்று வாக்குக் கொடுக்கவும் நமக்கு உரிமையில்லை. தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

மேட்டைக் கயிறு கட்டி இருபது மீட்டர்க் கட்டங்களாகப் பிரியுங்கள். ஆளுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பக்கம். எத்தனை ஓடு, அதில் வாய்விளிம்பு எத்தனை, செங்கல் உண்டா, கசடு உண்டா, தரை எவ்வளவு கண்ணுக்குத் தெரிந்தது என்று எழுத வேண்டும். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். கருவேல் மூடிய கட்டத்தில் மூன்று ஓடு கிடைப்பதும், உழுத கட்டத்தில் மூன்று ஓடு கிடைப்பதும் ஒன்றல்ல. அதேபோல் ஒன்றுமே இல்லாத கட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ‘இல்லை’ என்று எழுதுங்கள். எங்கே ஓடு நிற்கிறது என்று தெரிந்தால்தான் ஊர் எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியும். பையன்கள் ஓடு அடர்ந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருவார்கள், அது இயல்பு. மேட்டுக்கு வெளியே நூறு, நூற்றைம்பது மீட்டர் வரை அவர்களை நடக்க வையுங்கள். உழவில் ஓடு சரிவுப்பக்கம் இறங்கிக்கொண்டே போகும் என்பதால் ஓரங்களில் எண்ணிக்கை மெதுவாகத்தான் குறையும். அந்தக் குறைவை எழுத்தில் பார்த்தால்தான் எது ஊர், எது உருண்டு வந்தது என்று பிரிக்கலாம்.

எலி வளையைக் கண்டால் குனிந்து பாருங்கள். நம் கை படாமல் அரை மீட்டர் ஆழத்து மண்ணை மேலே கொண்டுவந்து போடும் வேலைக்காரன் எலிதான். வளை வாயில் குவிந்திருக்கும் மண் மேல்மண்ணைவிடக் கருத்து, கரித்தூளோடும் மீன்முள்ளோடும் இருந்தால் அடியில் குப்பையடுக்கு இருக்கிறது என்று பொருள். நகக்கண் அளவு கண்ணாடி மணி கூட அதில் கிடைக்கும். எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, கட்ட எண்ணை எழுதிவிட்டு வாருங்கள்.

உயரத்தை ஃபோனில் பார்த்து எழுதாதீர்கள். ஃபோன் ஜிபிஎஸ் இடத்தை மூன்று, ஐந்து மீட்டர் பிசகோடு காட்டும், அது பரவாயில்லை. உயரத்தில் பிசகு அதைவிட அதிகம், உங்கள் மேடே அதற்குள் மறைந்துவிடும். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி வேண்டாம், ஊர்க் கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் போதும். தெளிந்த பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர், காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. ஒருவர் மேட்டுக்கு வெளியே ஒரு நிலையான கல்லின் அருகே அளவுக்கோலை நிறுத்திக் குழாயைப் பிடிக்க, இன்னொருவர் மேட்டில் ஏறிப் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரு கோல்களிலும் தண்ணீர் நிற்கும் அளவின் வித்தியாசம்தான் உயரம். குழாய் எட்டும் தூரம் வரை அளந்து, அங்கிருந்து அடுத்து. கிழக்கு மேற்காக ஒரு வரிசை, தெற்கு வடக்காக ஒரு வரிசை அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் மேட்டின் குறுக்குவெட்டு வந்துவிடும். ஒரு பக்கம் சட்டென்று செங்குத்தாக இறங்கினால் அங்கே பழைய சுவரோ, பிற்காலத்து மண் வெட்டோ இருக்கலாம். எதுவென்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

ஓட்டைப் பற்றி நீங்கள் எதிர்பார்த்த பதில் வேறாக இருக்கும். கருப்பு-சிவப்பு ஓட்டைப் பார்த்த மறுநாளே ‘2600 ஆண்டு பழமை’ என்று செய்தி போடுகிறார்கள். அது தப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்பக்கத்துக்கும் வாய்க்கும் காற்றுப் படாமல் கருப்பாகும், வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும். இந்தச் சுடும் முறை இரும்புக் காலத்தில் தொடங்கி கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை ஓடியது. ஆயிரம் வருஷத்துக்கும் மேல். எனவே அது காலத்தைத் துல்லியமாகச் சொல்லாது, பழசு என்று மட்டும் சொல்லும். காலத்தை நெருக்கிப் பிடிக்க வேறு பொருள்கள் உதவும். வழவழவென்று மெல்லிய சாம்பல் நிறத் தட்டின் உள்பக்கத்தில் பல் சக்கரம் ஓட்டியதுபோல் வட்ட வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அது ரூலெட்டட் ஓடு, கி.மு. கடைசி நூற்றாண்டுகளையும் கி.பி. தொடக்கத்தையும் ஒட்டியது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் இந்த ஓட்டை இத்தாலியிலிருந்து வந்த பானைகளோடு சேர்த்துப் பார்த்துத்தான் தென்னிந்திய மண்ணடுக்குகளுக்கு ஒரு காலக்கணக்கைப் பிடித்தார். பச்சை மெருகிட்ட சீன ஓடு கிடைத்தால் இடைக்காலம். கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் சீனப் பீங்கான் கிடைத்தது அப்படி. செங்கல் இன்றைய கல்லைவிட நீளமும் அகலமும் கூடி, தட்டையாக இருந்தால் கவனியுங்கள். எழுத்து முத்திரை பதித்த மங்களூர் ஓடு என்றால் விவாதமே வேண்டாம், பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865இல்தான்.

இவை எல்லாம் ஒரே மேட்டில் கலந்து கிடக்கலாம். ஒரு மேட்டில் பல காலத்து ஆட்கள் குடியிருப்பது சாதாரண விஷயம். எந்தக் கட்டத்தில் எது அதிகம் என்ற உங்கள் குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும். வடக்கே பழைய ஓடும் தெற்கே சீன ஓடும் கூடினால் ஊர் இடம் மாறியிருக்கிறது.

பொக்லைன் வெட்டிய ஓரம் இருக்கிறதே, அது வருத்தமான விஷயம்தான், ஆனாலும் உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. தோண்டாமலேயே மேட்டின் உட்பக்கம் தெரிகிறது. புதுச்சேரிக்கு 1760களின் கடைசியில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தில், அன்றைக்கு மேகம் மூடி ஏமாந்து போனார். ஆனால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பழைய பெரிய செங்கற்கள் வெளியே தெரிந்ததை எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த இடம்தான் பின்னால் அரிக்கமேடு.

அந்த வெட்டுமுகத்தை மண்வெட்டியால் செதுக்காதீர்கள். மென்மையான துடைப்பத்தால் தூசியை மட்டும் தட்டுங்கள், தண்ணீரை லேசாகத் தெளித்தால் நிறம் பிரியும். மேலிருந்து கீழாகப் பாருங்கள். சாம்பல் பட்டை, அதற்குக் கீழே கையகல உயரத்துக்கு இறுகிய மஞ்சள் களிமண், மறுபடி சாம்பல் என்று போனால் அந்த மஞ்சள் பட்டை மிதித்து மெழுகிய வீட்டுத்தரை. கிண்ணம் மாதிரி ஒரு கரும்பகுதி அடுக்குகளை வெட்டிக்கொண்டு இறங்கினால் குப்பைக்குழி. சுட்ட மண் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் உறைகிணறு, அதைப் பார்த்தால் அன்றைக்கே அலுவலரைக் கூப்பிடுங்கள். அடுக்கே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே களிமண், இடையிடையே சாய்வாகக் கொட்டிய தடம் என்றால் உங்கள் இரண்டாவது சந்தேகம்தான் சரி, தூர்வாரிய மண். மீட்டர் டேப்பைத் தொங்கவிட்டு நேராக நின்று படம் எடுங்கள். வெட்டின் அடியில் நின்று வேலை செய்யாதீர்கள். அந்தப் பொலபொலத்த மண் சரியும், ஆள் மேலேயும் சரியும்.

ராடார், காந்தமானி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கீழடியில் ட்ரோன், தரை ஊடுருவும் ராடார் எல்லாம் பயன்படுத்தினார்கள். ஈரக் களிமண்ணில் ராடார் அலை ஆழம் போகாது, எனவே வயலோர மேடுகளில் கோடைதான் அதற்கு லாயக்கு. காந்தமானி சுட்ட மண்ணைப் பிடிக்கும். செங்கல், சூளை, அடுப்பு ஆகியவை சூடாகி ஆறும்போது பூமியின் காந்தத்தைத் தமக்குள் பதித்துக்கொள்கின்றன. இரண்டுமே வேலை செய்ய ஒரு கட்ட வரைபடம் தேவை. நீங்கள் அதை முன்பே போட்டுவைத்திருந்தால் கருவியோடு வருபவர்களுக்கு வேலை பாதி மிச்சம்.

மெட்டல் டிடெக்டர் மட்டும் வேண்டாம். ஊருக்குள் அது வந்த மறுவாரமே ‘புதையல்’ என்ற பேச்சு கிளம்பி, ராத்திரியில் குழி விழ ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் செய்த பிறகு நான்கு பக்கத்துக்கு மிகாமல் ஓர் அறிக்கை. சர்வே எண், அட்சரேகை தீர்க்கரேகை, மேட்டின் நீள அகல உயரம், கட்ட வரைபடம், ஓட்டு எண்ணிக்கை, வெட்டுமுகப் படம், யார் யார் எந்தத் தேதியில் நடந்தார்கள் என்ற விவரம். காலம் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள், அதைப் பார்ப்பவர்கள் சொல்லட்டும். ‘கீழடியைவிடப் பழசு’ என்று முதல் வரியில் எழுதிய கடிதத்தை எந்த அலுவலரும் அக்கறையாகப் படிக்க மாட்டார். ஒரு பிரதி மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு, ஒன்று அருகிலுள்ள அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு. ஏற்கெனவே யாராவது வீட்டில் மணியோ காசோ வைத்திருந்தால் பிடுங்கப் போகாதீர்கள். படம் எடுத்து, எந்த இடத்தில், எந்த வேலையின்போது கிடைத்தது என்று அவர்கள் சொல்வதை எழுதி அறிக்கையோடு சேர்த்துவிடுங்கள். கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டத்தையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் உங்களுக்கு அவசரம் வேறு. மண் எடுக்கிறார்கள் என்றீர்கள். சவுடு மண்ணுக்கோ வண்டலுக்கோ அனுமதி வாங்கித்தான் எடுக்கிறார்களா, அனுமதி எந்தச் சர்வே எண்ணுக்கு என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இந்த வாரமே கேளுங்கள். பல நேரம் அனுமதி கண்மாய்க்கு இருக்கும், பொக்லைன் நிற்பது மேட்டில். அப்படியென்றால் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் தனி மனு, வெட்டுமுகப் படத்தோடு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நான்கு பக்க அறிக்கை பின்னால் வரட்டும். மனுவுக்கு இரண்டு படமும் ஒரு சர்வே எண்ணும் போதும்.